பட்டையைக் கூட்டினால் பலம் கூடுமா?

போன வாரம் ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். "அண்ணா, பிக்கப்புக்குப் பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா டிரிப்புக்கு இருபது பெட்டி கூட ஏத்தலாமாம். பணம் அனுப்புறியா?"

தம்பி தங்கவயலில் இருக்கிறான் (வெளியூர்க்காரர்களுக்குக் கே.ஜி.எஃப்!). கோலார் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றி, பலமனேர் தாண்டி மொகிலி மலைப்பாதை இறங்கிச் சென்னைக்குக் கொண்டுபோவான். பெட்டிக்கு 15 கிலோ. இருபது பெட்டி என்றால் 300 கிலோ. பேங்க் புத்தி சும்மா இருக்குமா? மஸ்கட்டில் ஆபீஸ் கால்குலேட்டரைத் தட்டினேன். போட்ட பணம் சில மாதத்தில் திரும்பிவிடும். அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் விஷயம் மாமா காதுக்குப் போய்விட்டது. மாமா பெமலில் (பி.இ.எம்.எல்) ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். "மாப்ளே, பட்டை தாங்கும். பிரேக் தாங்குமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பி.காம் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங். நம்ம ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிக்கிறார்களே, அதே லாரி பட்டைதான். குதிரை வண்டிக் காலத்திலேயே வந்தது. எளிமையானது, விலை குறைவு, பாரம் தாங்கும். அதனால்தான் இன்றைக்கும் பெரும்பாலான பிக்கப்புகளின் பின்பக்கம் இதுவே இருக்கிறது. ஆனால் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே அச்சு கட்டிப் போட்டிருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கச் சக்கரமும் சாயும்.

இதற்கு வேறு வழி கண்டவர்கள் செக் நாட்டின் கோப்ரிவ்னிட்சே ஊரில் இருக்கும் டாட்ரா கம்பெனிக்காரர்கள். 1850இல் குதிரை வண்டி செய்ய ஆரம்பித்த கம்பெனி. அங்கே ஹான்ஸ் லெட்விங்கா என்ற இஞ்சினியர் 1923இல் டாட்ரா 11 என்ற காரைக் கொண்டுவந்தார். வண்டிக்கு நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு குழாய். பின்பக்கம் அதிலிருந்து இரண்டு அரை அச்சுகள் தனித்தனியே ஏறி இறங்கும். பிறகு இதே முறையை லாரிக்கும் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு சக்கரமும் தன் பள்ளத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். 1983இல் வந்த டி815 லாரியில் முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டைதான். ஆக, பட்டை மட்டமான சாமான் இல்லை. அது எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். கரேல் லோப்ரைஸ் அந்த லாரியை ஓட்டித்தான் டக்கார் பந்தயத்தில் 1988 முதல் 2001 வரை ஆறு முறை ஜெயித்தார்.

இதில் தங்கவயல் எங்கே வந்தது? 1964இல் தொடங்கிய பெமல், 1986இல் டாட்ரா லாரிகளுக்காக ஒப்பந்தம் போட்டது. பிருத்வி ஏவுகணையும் பினாகா ராக்கெட்டும் ஏறியது இந்த டாட்ரா முதுகில்தான். (2012இல் கொள்முதல் பற்றி எழுந்த சர்ச்சை தனிக்கதை.)

மாமா சொன்னது இதுதான். "டாட்ராக்காரன் பாரம் ஏத்தணும்னு முடிவு பண்ணா அச்சு, பிரேக், டயர், சட்டம் எல்லாத்தையும் சேர்த்து யோசிப்பான். நீங்க பட்டையை மட்டும் யோசிக்கிறீங்க."

யோசித்தால் சரிதான். பட்டை கூடினால் ஸ்பிரிங் இறுகும். காலி வண்டியில் பின்சக்கரம் துள்ளும், ரோட்டில் பிடிப்பு குறையும். பாரம் உயர்ந்தால் வளைவில் சாயும். இறக்கத்தில் அதே பழைய பிரேக் 300 கிலோவைக் கூடுதலாக நிறுத்த வேண்டும். வண்டியின் ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடை இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட எடை. அதை மீறினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. என் கால்குலேட்டரில் இது எதுவும் வரவில்லை!

எங்கள் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2001 பிப்ரவரி 28இல் மூடும் வரை வேலை பார்த்தவர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. கூண்டில் இத்தனை பேர் என்றால் இத்தனை பேர்தான். இன்னும் ஒருத்தர் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பார். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் நானும் தம்பியும்.

பணம் அனுப்பினேன், பட்டைக்கு இல்லை. தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் நான்கையும், பட்டைக் காது புஷ்களையும் மாற்றச் சொன்னேன். யு-போல்ட்டை முறுக்கி, டயர் காற்றைச் சரிபார்த்து, பெட்டிகளை முடிந்தவரை தாழ்வாக, கேபின் பக்கமாக அடுக்கச் சொன்னார் மாமா. இப்போது வளைவில் வண்டி அலையவில்லை என்கிறான் தம்பி.

ஆனாலும் அவனுக்கு வருத்தம்தான். இருபது பெட்டி வாடகை வந்தால்தான் மாதத் தவணை கட்ட முடியும் என்றிருந்தான். அதுவும் நியாயம்தானே? ஆறு மாதத்துக்குத் துண்டு விழுவதை நான் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊரில் தம்பியோ மச்சானோ வண்டி ஓட்டி, இங்கிருந்து பணம் அனுப்புகிறவர்கள் இதைப் படித்தால், அனுப்புமுன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பிரேக் தாங்குமா?