உதிரிப் பாகங்கள் பொருந்திய கதை



கார் எஞ்சினில் ஏதேனும் ஒரு பாகம் தேய்ந்துபோனால் நாம் என்ன செய்கிறோம்? உதிரிப் பாகக் கடைக்குப் போய்க் காரின் பெயரையும் அது வெளிவந்த ஆண்டையும் சொல்கிறோம். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து நீட்டுகிறார். மெக்கானிக் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுகிறார். இது மிகச் சாதாரணமான காரியமாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால், எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ செய்த பாகம் நம் எஞ்சினில் சரியாகப் பொருந்தும் என்ற நிலை ஏற்பட மனிதன் நூறாண்டுக்கு மேல் பாடுபட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று காண்போம்.

இந்த வரலாறு துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறது. அந்நாளில் ஒவ்வொரு துப்பாக்கியையும் கைவினைஞர் அரத்தால் ராவி ராவிச் செய்தார். ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொன்றில் பொருந்தாது. போர்க்களத்தில் ஒரு சிறு விசை உடைந்தாலும் துப்பாக்கி பயனற்றுப் போகும். பிரான்சு நாட்டில் ஒனோரே பிளாங் என்பவர் இதற்கு வழி கண்டார். 1785ஆம் ஆண்டு, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் பிளாங்கின் பட்டறைக்குச் சென்றார். 50 துப்பாக்கிகளின் விசைப் பொறிகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்த பாகங்களை எடுத்து ஜெபர்சன் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். அவை நன்றாகப் பொருந்தின.

இச்செய்தி அமெரிக்காவில் ஆர்வத்தை உண்டாக்கிற்று. 1798இல் எலி விட்னி என்பவர் 10,000 துப்பாக்கிகள் செய்து தர அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1801இல் நாட்டுத் தலைவர்கள் முன்னிலையில் பாகங்களை மாற்றிப் பூட்டிக் காட்டிப் பாராட்டும் பெற்றார். ஆனால், பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அவர் செய்த துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, பாகங்கள் அப்படி மாறிப் பொருந்தவில்லை என்று கண்டனர். காட்சிக்கு வைத்தவை வேறு, விற்பனைக்கு அனுப்பியவை வேறு! உதிரிப் பாகத்தின் தரத்தைப் பற்றிய முதல் எச்சரிக்கை என்று இதைக் கொள்ளலாம்.

கார்கள் வந்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. தேர்ந்த தொழிலாளர்கள் ஒவ்வொரு காரையும் தனித்தனியே ராவிப் பொருத்தினார்கள். புதிய பாகம் வேண்டுமென்றால், அதையும் அந்தக் காருக்கென்றே ராவ வேண்டும். இம்முறையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி லேலண்ட். அவர் இளமையில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பின்பு நுண்ணளவுக் கருவிகள் செய்த பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தில் பயின்றவர். ஆயிரத்தில் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுக்காதவர். அந்த ஒழுங்கை அவர் காடிலாக் கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்.

1908ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் இங்கிலாந்தில் ஒரு சோதனை தொடங்கியது. அதை நடத்தியது ராயல் ஆட்டோமொபைல் கழகம். விற்பனைக்காக வைத்திருந்த மூன்று காடிலாக் கார்கள் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலுக்குக் கொண்டுவரப்பட்டன. சிறிது தூரம் ஓட்டிய பின், மூன்றையும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். ஒவ்வொரு காரிலும் 721 பாகங்கள். எது எந்தக் காருடையது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. நுட்பமான அளவு தேவைப்படும் 89 பாகங்களை நடுவர்கள் குவியலிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக விற்பனையாளரின் இருப்பிலிருந்த உதிரிப் பாகங்களை வைத்தார்கள்.

பிறகு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் மட்டுமே கொண்டு மூன்று கார்களும் மீண்டும் பூட்டப்பட்டன. அரத்துக்கு அங்கே வேலையே இல்லை. பூட்டிய கார்கள் 500 மைல் ஓட்டத்தையும் வெற்றிகரமாக முடித்தன. அந்த ஆண்டுக்குரிய டூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கார் ஒன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை.

நேயர்களே, இச்சோதனையில் நாம் உற்று நோக்க வேண்டியது அந்த 89 பாகங்களைத்தான். கடை அலமாரியில் இருந்த பாகமும் காரோடு வந்த பாகமும் ஒரே தரம் என்பதை அவை மெய்ப்பித்தன. அன்று முதல் கார் வைத்திருப்பவர் தனி ஒரு தொழிலாளியின் கைத்திறனை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால், இந்த நன்மையோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வந்தது. முன்பு பாகத்தை ராவியவர் நம் கண்முன் நின்றார். இப்போதோ அதைச் செய்தவர் யார் என்றே நமக்குத் தெரியாது. எந்தக் காருக்கும் பொருந்தும் பாகத்தை எவரும் செய்து விற்கலாம் என்றானபின், போலிகளும் சந்தைக்குள் புகுந்துவிட்டன.

பொருந்திவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. எஞ்சினின் கிராங்க் ஷாப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனுக்கு உட்பட்டது. அந்த இடுக்கில்தான் எண்ணெய்ப் படலம் நிற்கிறது. இடைவெளி குறைந்தால் எண்ணெய் நில்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசிப் பேரிங் எரிந்துவிடும். கூடினால் எண்ணெய் அழுத்தம் குறைந்து எஞ்சின் தட்டத் தொடங்கும். எண்ணெய் வடிகட்டியும் இப்படித்தான். வெளித் தகரமும் வண்ணமும் அசலைப் போலவே இருக்கும். உள்ளே இருக்கும் வடிதாள் மட்டமானது என்பதை எஞ்சின் கெட்ட பிறகே அறிகிறோம். சில ரிங்கிட்டை மிச்சப்படுத்தப் போய், டாக்சி ஓட்டுநர் பல வாரச் சம்பாத்தியத்தை இழக்கிறார்.

அதற்காகக் கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாதவை எல்லாம் போலி என்று எண்ணிவிடக் கூடாது. பேரிங், பிஸ்டன் ரிங் முதலியவற்றைப் பெரும்பாலும் அவற்றுக்கென்றே உள்ள நிறுவனங்கள்தாம் கார்த் தொழிற்சாலைகளுக்குச் செய்து கொடுக்கின்றன. தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. தன் பெயரைப் போட்டுத் தரமான பாகத்தை விற்பது நேர்மையான வணிகம். பிறர் பெயரைப் போட்டு மட்டமானதை விற்பது திருட்டு. நம் மலேசியாவில் 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியிருக்கிறது.

ஆகவே, பாகத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய பாகத்தை எறிந்துவிடாமல் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டுவதற்கு முன் அளந்து பார்க்கும் மெக்கானிக்கை நாடுங்கள். இரசீது கேட்கத் தயங்காதீர்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். புரூக்லண்ட்ஸ் திடலில் நடுவர்கள் விற்பவரின் சொல்லை ஏற்றுக்கொண்டு போய்விடவில்லை. கழற்றி, கலந்து, 500 மைல் ஓட்டிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். அந்த விழிப்பு, பாகத்தை வாங்கும் நமக்கும் வேண்டும்.