குடவாயிற் சிறையில் ஒலித்த குரல் யாருடையது?

போரில் தோற்றுச் சிறைப்பட்ட மன்னன் ஒருவன் கூறியதாகத் தமிழ் மேடைகளில் மிகுதியும் எடுத்தாளப்பெறும் கூற்று, புறநானூற்றின் 74ஆம் பாட்டாகும். குழந்தை இறந்து பிறப்பினும், உருவமற்ற தசைப் பிண்டமாகவே பிறப்பினும், அதனையும் வாளால் பிளந்து அடக்கம் செய்யும் மறக்குடியில் தோன்றிய ஒருவன், நாய்போலச் சங்கிலியால் பிணிப்புண்டு, பகைவரிடம் நீரை இரந்து வயிற்றுத் தீயைத் தணித்துக்கொள்வதோ என்பது அதன் கருத்து. சேரமான் கணைக்கால் இரும்பொறையின் வாய்மொழி இது என்பதில் நம்மில் பலர்க்கு ஐயமே எழுவதில்லை. மானம் என்ற தலைப்பில் பாட வந்த கவிஞர் இரும்பொறையைத் தொடாமல் மேடையிறங்குவது அரிது. நம் வட்டத்தின் கவியரங்குகளும் இதற்கு விலக்கல்ல. அவன் சிறையிருந்த குடவாயிலோ, நமக்கு வடக்கே திருவாரூரைக் கடந்தால் வந்துவிடும் குடவாசலே என்பர். நம் மண்ணோடு இத்துணை நெருங்கிய ஒரு கூற்றின் மூலத்தைத் தேடிப் பார்ப்பது இம்மலருக்குப் பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

முதலில் பாட்டையே கேட்போம். அதில் சேரன் என்ற சொல் இல்லை; சோழன் இல்லை; குடவாயிலும் இல்லை. பேசுபவன் தன் பெயரைச் சொல்லவில்லை, தன்னைக் கட்டியவன் பெயரையும் சொல்லவில்லை. இவற்றையெல்லாம் நமக்குத் தருவது பாட்டின் அடியில் அமைந்த பழங்குறிப்பு மட்டுமே. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது, பாட்டும் குறிப்பும் ஒரே பக்கத்தில் ஒன்றாக நம்மை வந்தடைந்தன. அதனால் இரண்டும் ஒருவர் வாக்கே என்னும் மயக்கம் நேர்ந்துவிட்டது. பாட்டு ஒருவர் பாடியது. குறிப்பு பின்னர்த் தொகுத்தவரோ படித்தவரோ எழுதியது. இந்த வேறுபாட்டை மறந்தால் ஆராய்ச்சி முதல் அடியிலேயே இடறும்.

அக்குறிப்பு தரும் செய்தி இது: இரும்பொறை சோழன் செங்கணானோடு திருப்போர்ப்புறத்தில் பொருது பிடிபட்டான், குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டுப் பெறாமல், பின்னர்ப் பெற்று, அதைக் கையில் வைத்துக்கொண்டே உண்ணாமல் இப்பாட்டைச் சொல்லித் துஞ்சினான்.

இதற்கு நேர்மாறான மரபு ஒன்றும் உண்டு. பிற்காலத் தொகுப்பாகிய தமிழ் நாவலர் சரிதை, இதே பாட்டை இரும்பொறை சிறையிலிருந்து புலவர் பொய்கையார்க்கு எழுதி விடுத்ததாகக் கூறுகிறது. பொய்கையார் களவழி நாற்பது பாடிச் சோழனை மகிழ்வித்துச் சேரனை மீட்டார் என்பது களவழியின் இறுதியில் உள்ள குறிப்பு. ஒரு குறிப்பில் இறந்தவன் மற்றொன்றில் விடுதலை பெறுகிறான்! ஒன்றில் இறுதி மூச்சாக இருக்கும் பாட்டு, மற்றொன்றில் உதவி வேண்டும் ஓலையாகிறது. பொருளே தலைகீழாக மாறுவதைக் கவிஞர்கள் உணர்வார்கள்.

இரண்டையும் இணைக்க விரும்புவோர் 'துஞ்சிய' என்ற சொல்லைப் பற்றிக்கொள்வர். துஞ்சுதல் உறங்குதலும் ஆகுமாதலின், மன்னன் நீருண்ணாது உறங்கினான், பின்பு மீட்கப்பெற்றான் எனலாமே என்பது அவர்கள் வாதம். எனக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அதே புறநானூற்றுக் குறிப்புகள் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி என்றும் கூறும்போது உறக்கத்தையா சுட்டுகின்றன? இறந்த இடத்தையே சுட்டுகின்றன. குறிப்பெழுதியவர் இரும்பொறை இறந்ததாகவே கேள்விப்பட்டிருந்தார்.

களவழி நாற்பதோ இவ்வழக்கில் வாய்திறவாத சாட்சி. யானைகள் வீழ்ந்ததையும் குருதி பெருகியதையும் வெண்பாதோறும் பாடும் அந்நூலில் இரும்பொறையின் பெயர் ஓரிடத்தும் இல்லை. வஞ்சிக்கோ என்ற பொதுப்பெயர் உண்டு. சிறையைப் பற்றியோ விடுதலையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. போர் நிகழ்ந்த இடமாக அது கூறுவதும் கழுமலமே, திருப்போர்ப்புறம் அன்று. களவழி பாடிய பொய்கையாரும் சேரரைப் பாடிய சங்கப் பொய்கையாரும் ஒருவர்தாமா என்பதிலும் அறிஞர்கள் உடன்படவில்லை.

என் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது அகநானூற்றின் 44ஆம் பாட்டு. பாடியவர் குடவாயிற் கீரத்தனார், அதாவது குடவாசற்காரர். பெரும்பூண் சென்னி என்னும் சோழன் கணையன் என்பவனை அகப்படுத்திக் கழுமலத்தைக் கைக்கொண்ட செய்தி அதில் வருகிறது. அடுத்த சில அடிகளில் தலைவிக்கு உவமையாகத் தண்ணிய குடவாயில் வருகிறது. பழைய நெல் நிறைந்த ஊர், யானை படியும் குளம், பசிய காவற்காடு! பிடிபட்டவன், கழுமலம், சோழன், குடவாயில் ஆகிய நான்கும் ஒரே பாட்டில் அருகருகே நிற்கின்றன. ஆயினும் கணையன் குடவாயிலில் சிறைவைக்கப்பட்டான் என்று கீரத்தனார் சொல்லவில்லை. சென்னி வேறு, செங்கணான் வேறு என்பாரும் உளர். கணையனே கணைக்கால் இரும்பொறை என்பாரும் உளர். பெயரற்ற ஒரு கைதியின் பாட்டுக்கு உரியவனைத் தேடிய பழந்தொகுப்பாளர் மனத்தில், இப்பாட்டின் நினைவு ஊடாடியிருக்கக் கூடும் என்பது என் ஊகம். ஊகம் என்றே கொள்க. கையில் ஏந்திய நீரை உண்ணாதிருந்த செய்தி அகப்பாட்டில் இல்லையாதலின், அவருக்கு வேறொரு வாய்மொழி வழக்கும் கிடைத்திருத்தல் வேண்டும். நீர்வளத்துக்குப் பெயர்பெற்ற ஊரிலே ஒருவன் தாகத்தால் மாண்டான் என்ற வழக்கு நம் முன்னோரை உலுக்கியிருப்பதில் வியப்பில்லை.

விடுதலைக் கதை எங்கே செழித்தது என்பதும் நோக்கத்தக்கது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கலிங்கத்துப் பரணியிலும், பின்னர் ஒட்டக்கூத்தரின் உலாக்களிலும், கவிதைக்காகச் சேரனின் தளையை வெட்டிவிட்ட சோழன் புகழப்படுகிறான். பாடியவர்கள் சோழர் அவைப் புலவர்கள். மாடக்கோயில்கள் எழுப்பிய அடியவராக நாம் வணங்கும் செங்கணானை, கைதிக்கு நீர் மறுத்த காவலின் தலைவனாக எந்த அவைப் புலவரால் பாட இயலும்? கொடையாளியாகப் பாடுவதே அவர்க்கு எளிது. அதனால் மட்டும் அக்கதை பொய்யாகிவிடாது. ஆனால் சோழனுக்கு வாய்ப்பான சாட்சியைவிட, வாய்ப்பற்ற சாட்சியாகிய புறநானூற்றுக் குறிப்புக்கே நான் கூடுதல் எடை தருவேன். கிரேக்க வரலாற்று நூலிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அலெக்சாந்தரிடம் தோற்ற போரசு மன்னன் தன்னை அரசனாகவே நடத்துமாறு கூறிய மறுமொழியை விரித்துரைக்கும் அரியன், கி.மு. 326இல் நிகழ்ந்த அப்போருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் பின் வாழ்ந்தவர். அங்கும் அம்மறுமொழியால் ஒளிபெறுபவன் வென்றவனே.

நம் கவிஞர்கள் இப்பாட்டைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. மேடையில் எடுத்தாளும்போது, இரும்பொறை பாடியதாகப் புறநானூற்றுக் குறிப்பு கூறும் என ஒரு தொடரைச் சேர்த்துக்கொண்டால் போதும்; யாப்பு இடம் தரவில்லையெனில் முன்னுரையில் சொல்லலாம். கீரத்தனாரின் 44ஆம் அகப்பாட்டை அத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன். குடவாயிலை நேரில் அறிந்தவர் பாடியதாக நமக்குக் கிடைக்கும் சாட்சி அதுவே. அதில் சிறை இல்லை, நெல்லும் நீரும் இருக்கின்றன.