பெட்டியடியிற் கற்ற வாணிகம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், புதிதாகத் தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்க்கு முதல் கொடுத்துதவ ஒரு நிதி திரட்டல் வேண்டும் என்று அன்பர் ஒருவர் கூறினார். உடனே பெரியவர் ஒருவர் எழுந்து, "கொடுப்போம், ஆனால் அந்தப் பையன் இதுவரை யார் கடையில் இருந்தான்?" என்று வினவினார். இளையோர் பலர்க்கு அவ்வினாவின் பொருள் விளங்கவில்லை. சிலர் நகைக்கவும் செய்தனர். ஒரு காலத்தில் நம் நாட்டிலே பணங் கொடுப்போர் முதல் பெண் கொடுப்போர் ஈறாக யாவரும் கேட்ட கேள்வி அது. அதன் வரலாற்றை எழுதுக என்று பத்திராசிரியர் எம்மைப் பணித்தார். தமிழாசிரியனுக்கும் வட்டிக்கடைக்கும் என்ன உறவு என்று ஐயுறுவார்க்கு ஒன்று சொல்வோம். எம் ஆயா வீட்டு ஐயா பர்மாவிற் பெட்டியடிப் பையனாக இருந்தவர். அவர் திண்ணையிற் சாய்ந்தவாறு கூறக் கேட்டவை இக்கட்டுரையிற் பாதி.

கொண்டுவிற்கப் போதல் நகரத்தார்க்குப் பழைய வழக்கமே எனினும், அது பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1852-ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா நெல்லுக்கு உலகெங்கும் கிராக்கி உண்டாயிற்று. ஐராவதியின் கழிமுகத்திற் காடு திருத்திக் கழனியாக்கிய குடியானவனுக்கு மாடு வாங்கவும் கூலி கொடுக்கவும் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவ்விடத்தில் நம்மவர் கடை வைத்தனர். 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவினர் கணக்கெடுத்தபொழுது அந்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 1,650 கடைகள் இருந்தன. இலங்கை, மலாயா, சைகோன், சுமத்திரா ஆகிய இடங்களில் இருந்தவை வேறு. இத்தனை கடைகளையும் நடத்துதற்குரிய ஆட்களை ஆக்கிய கல்லூரி ஒன்றும் அக்காலத்தில் இல்லை. செட்டிநாட்டுச் சிற்றூர்களில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. அவற்றை விட்டால் கடைதான் பள்ளி.

திண்ணைப் பள்ளியில் பையனுக்கு முதலிற் கிடைத்தது எண்சுவடி. ஒன்றை 320 கூறாக்கிய முந்திரி, அதனை இரட்டித்த அரைக்காணி, எண்பதில் ஒன்றாகிய காணி, இருபதில் ஒன்றாகிய மா, பதினாறில் ஒன்றாகிய மாகாணி என்று கீழ்வாயிலக்கம் முழுவதையும் அவன் மனப்பாடம் செய்தான். இக்காலத்து மாணாக்கர்க்கு இவற்றைச் சொன்னால் பண்டிதரின் பழம்பெருமை என்று நினைப்பர். வட்டிக்கணக்கிற்கு இதைவிட வாய்ப்பான கருவி இல்லை என்பதே எம் கருத்து. ரூபாய்க்குப் பதினாறணா வழங்கிய நாளில் ஓரணா என்பது மாகாணி, இரண்டணா அரைக்கால், பத்தணா அரையே அரைக்கால். நூற்றுக்கு மாதம் அரையே அரைக்கால் வட்டியானால் 3,200 ரூபாய்க்கு மாதத்தில் எவ்வளவு என்று கேட்டால், கேட்டவர் வாய் மூடுமுன் இருபது என்றும், பன்னிரண்டு நாளைக்கு எவ்வளவு என்றால் எட்டு என்றும் பையன் சொல்லியாதல் வேண்டும். காகிதத்தைத் தேடினால் தலையிற் குட்டு விழும். ஐயாவுக்கு எண்பது வயதிலும் இவ்விரைவு குறையவில்லை. யாம் காகிதத்திற் கூட்டி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவார்.

பன்னிரண்டு பதினான்கு வயதிற் கப்பலேறிய பையன் போய்ச் சேருமிடம் கிட்டங்கி. நீண்ட கூடம் ஒன்று. அதில் இருமருங்கும் கடைகள். கடை என்றால் தனியறை என்று எண்ணற்க. ஒரு பாய், ஒரு மேசைப்பெட்டி, பின்னால் ஓர் இரும்புப் பெட்டி, அவ்வளவே ஒரு கடை. இரங்கூனில் முகல் தெருவும் சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவும் இத்தகைய கிட்டங்கிகளாற் பெயர் பெற்றவை. பையனுக்குரிய இடம் அப்பெட்டியின் அடி. அதனாலேயே அவன் பெட்டியடிப் பையன் ஆயினான். விடியுமுன் எழுந்து கூட்டி, விளக்குத் துடைத்து, பாய் விரித்து, மேலாளுக்குக் குளிக்க நீர் எடுத்து வைத்தல் அவன் வேலை. பகலிற் கேட்ட ஏட்டை எடுத்துக் கொடுப்பான், கடிதங்களுக்குப் படியெடுப்பான், பிற கடைகளுக்குச் சீட்டுக் கொண்டு ஓடுவான். மற்றப் பொழுதில் வாய் திறவாது உட்கார்ந்திருப்பான்.

அந்த உட்கார்ந்திருத்தலே அவன் கல்வி. கடன் கேட்டு வருபவன் எவ்வாறு பேசுகிறான், மேலாள் எப்பொழுது சிரிக்கிறார், எப்பொழுது ஏட்டைப் புரட்டுவதுபோற் காலங் கடத்துகிறார், யாருக்கு இல்லையென்று சொல்லாமலே இல்லையென்கிறார் என்பவற்றை அவன் நாள்தோறும் கண்டான். சுவரில்லாத கூடமாதலின் பக்கத்துக் கடையின் பேச்சும் அவன் காதில் விழுந்தது. ஒரு சம்பளத்திற்குப் பத்துக் கடையின் அநுபவம்! எந்த விலாசம் யாருடையது, எந்த விலாசத்தார்க்கு எவர் உறவு, எந்தக் கடையில் மேற்பணம் குறைகிறது என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நடப்பு வட்டி மாதந்தோறும் கோயிலிற் கூடி முடிவு செய்யப்பட்டதாதலின், அங்கே போய் வந்தோர் முகத்தைப் பார்த்தே பணம் நெருக்கடியா தாராளமா என்று பையன்கள் அறிந்து கொள்வார்களாம். இக்கடை வாழ்க்கையை உள்ளபடி காண விழைவோர், 1938-இல் சுமத்திராவிலுள்ள மேடானுக்கு வேலைக்குச் சென்ற ப. சிங்காரம் எழுதிய "கடலுக்கு அப்பால்", "புயலிலே ஒரு தோணி" என்னும் இரு நாவல்களையும் படிக்க.

இரவில் இருப்புக் கட்டுவது கடைசி வேலை. குறிப்பில் எழுதியதும் பெட்டியில் உள்ளதும் ஒத்து வந்தாலன்றி உறக்கம் இல்லை. ஐயா சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள் ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தது. குறைந்தால்தானே கவலை என்று அவர் சொல்லிவிட்டார். மேலாள் சினந்து, "கூடினால் எவனோ ஒருவனுக்குக் குறைந்திருக்கிறது, தேடு" என்றாராம். நள்ளிரவு கடந்த பின் ஒரு வரவு எழுதப்படாமல் விட்டுப்போனது தெரிந்தது. மறுநாட் காலை அந்தப் பர்மியக் கிழவியின் பற்றில் ஒரு ரூபாய் கழிக்கப்பட்டது.

பெட்டியடியில் தேறியவன் அடுத்தாள் ஆவான். பேரேடு எழுதுதல், வட்டிச் சிட்டை போடுதல், ஐந்தொகை கட்டுதல், வயற்புறம் சென்று நிலத்தையும் விளைவையும் பார்த்து வருதல் அவன் பொறுப்பு. அதற்கு மேல் ஏஜெண்டாகிய மேலாள். முதலாளி ஊரிலிருக்க, அவர் பெயராற் கடை முழுவதையும் நடத்துபவர். வேலைக்குத் தவணை மூன்றாண்டு. புறப்படுமுன் சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை முடிந்தாற் கணக்கு ஒப்புவித்து ஊர் திரும்பிச் சில காலம் இருந்து, மீண்டும் அதே கடைக்கோ வேறு கடைக்கோ போவான். சம்பளத்தில் மிஞ்சியதைக் கடையிலேயே வட்டிக்கு விட்டு வைத்து, இரண்டு மூன்று தவணையில் அது திரண்டதும் பங்குக்குச் சேர்ந்தோ தனித்தோ கடை வைப்பான். அப்பொழுது அவனுக்குப் பிறர் மேற்பணம் கொடுத்தது அவன் தகப்பன் சொத்தை மட்டும் நினைத்தன்று. எந்தக் கடையில் இருந்தான், என்ன கணக்கு ஒப்புவித்தான் என்பதை நினைத்தே. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உறவினர் கடையில் ஊழியம் பார்த்தனர். பள்ளத்தூரில் 1884-இற் பிறந்த அ. மு. முருகப்பச் செட்டியார் 1898-இல், பதினான்கு வயதில், பர்மாவிலிருந்த தம் தாய்மாமன் கடையிற் பயிலச் சென்றார். 1900-இல் மோல்மேனிற் சொந்தக் கடை தொடங்கினார். அக்குடும்பத்தார் முப்பதுகளிலே முதலைத் தாய்நாட்டிற்குத் திருப்பிக்கொண்டதும், 1949-இல் சைக்கிள் தொழிற்சாலைக்கு வித்திட்டதும் பலரும் அறிந்தவை. பதினாறு வயதிற் கடை வைத்ததை மேடையிற் பேசுவோர், அதற்கு முன் அவர் மாமன் கடையில் இருந்த ஈராண்டைச் சொல்லாமல் விடுகின்றனர்.

இதுகாறும் கூறியவற்றாற் பழைய முறையில் குற்றமே இல்லையென்று நினைத்தல் ஆகாது. பன்னிரண்டு வயதுப் பையனைக் கடல் கடந்து அனுப்புதல் கொடிது. இன்று சட்டமும் அதனைத் தடுக்கிறது, தடுத்தல் நன்றே. ஐயா சென்ற ஓராண்டில் அவருடைய ஆத்தா காலமானார். செய்தி கடிதத்தில் வந்து சேர்ந்தபொழுது ஊரிற் கருமாதியும் முடிந்திருந்தது. மேலாள் அன்று ஒரு நாள் விடுமுறை கொடுத்தார். "அந்த ஒரு நாளும் என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியடியிலேயே உட்கார்ந்திருந்தேன்" என்று மட்டும் ஐயா சொல்வார், அதற்குமேற் பேசமாட்டார்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அதனைப் பெருமை பேசும் நம் மலர்களில் யாம் கண்டதில்லை. 1930-ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தது. கடன்பட்ட குடியானவன் பணமாகத் திருப்ப இயலாது நிலத்தை ஒப்படைத்தான். கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938-க்குள் நூற்றுக்கு 25 பங்கு ஆயிற்று. அவர்கள் கேட்டது பணம். கையில் வந்தது விற்க முடியாத மண். நிலமிழந்த பர்மியனோ அதனை வேறுவிதமாகவே கண்டான். ஒரு ரூபாய் கூடினால் நள்ளிரவு வரை தேடும் கடைக்காரர்க்கு இது முன்னரே ஏன் தெரியவில்லை?

மூன்றாண்டுத் தவணையே காரணங்களுள் ஒன்று என்பது எம் கருத்து. ஒவ்வொரு மேலாளும் தன் தவணைக்குக் கணக்கு ஒப்புவித்தான். பழைய கடனுக்கு வட்டி சேர்த்துப் புதுச் சீட்டு எழுதினால் அவனுடைய ஐந்தொகை சரியாகவே நிற்கும். ஒரே வயலின் இருபதாண்டுக் கதையைத் தொடர்ந்து கண்டவர் எவருமிலர். குடும்பத்தையும் உடன் கொண்டுசெல்லாமையால் அந்நாட்டவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியும் வாயிலும் இல்லை. பையன் பெட்டியடியிலிருந்து கற்றதெல்லாம் பெட்டிக்கு இப்புறத்துக் கணக்கே. ஐயாவை யாம் ஒருமுறை இதுபற்றிக் கேட்டோம். அவர் நெடுநேரம் சும்மா இருந்து, "நாங்கள் குத்தகை தண்டப் போகும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்ளும், அப்பச்சி. எனக்கும் அதே வயதுதான்" என்றார்.

சங்க நிதியைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கும் இவ்வேளையில் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளையை ஓரிரண்டாண்டு அயலார் கடையிலோ ஆலையிலோ சம்பளத்திற்கு இருத்தி, பின்னர் முதல் கொடுப்பது தக்கது. 1961-ஆம் ஆண்டிலிருந்து தொழில் பழகுநர் சட்டமும் இந்நாட்டில் உண்டு. அதனை நம்மவர் பயன்படுத்துவது அரிதாக இருக்கிறது. அவ்வாறு இருத்துங்கால், கல்லாவுக்கு அப்புறம் நிற்பவன் வீட்டுக் கணக்கையும் பையன் அறியும்படி செய்யும் வழி யாது என்பதைக் கூட்டத்தார் ஆராய்வாராக. அதற்கு எம்மிடம் ஆயத்தமான விடை இல்லை.

ஐயாவின் சம்பளச் சீட்டு எம்மிடம் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டு தை மாதம் தொடங்கி மூன்றாண்டு; பெகு நகரத்துக் கடை. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூனிற் குண்டு விழுந்தபொழுது தவணை முடிய மூன்று வாரமே இருந்தது. கடை கட்டப்பட்டது. மேலாளும் அவரும் மண்டலை சென்று, தமு வழியாக மணிப்பூர் மலைகளை நடந்து கடந்து, திமாப்பூரில் இரயிலேறினர். வழியில் அரிசிப் பையை எறிந்தார்கள், போர்வையை விற்றார்கள், ஐந்தொகையின் படி மட்டும் துணியில் தைத்து ஐயாவின் இடுப்பில் இருந்தது. முதலாளி வீட்டாரின் முதல் முழுவதும் பர்மா நிலத்திற் சிக்கியிருந்தது. 1948-க்குப் பின் வந்த நிலச் சட்டங்களால் அதுவும் போயிற்று. ஆயினும் 1946-இல் அவர்கள் ஐயாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த ஐந்தொகையைப் பிரித்து, சேரவேண்டிய சம்பளமும் அதற்கு வட்டியும் கணக்கிட்டு, நான்கு தவணையாகக் கொடுத்தார்கள். சீட்டின் பின்புறத்தில் நான்கு வரவும் ஐயாவின் கையெழுத்தில் உள்ளன. கடைசி வரவு 1950-ஆம் ஆண்டு ஆனி மாதம், அணாக் கணக்கு வரையில். அந்தப் பணத்தைக் கொண்டு அவர் காரைக்குடியில் ஒரு காகிதக் கடை வைத்தார். திறந்த அன்று அவருடைய பெட்டியடியில் வந்து உட்கார்ந்தவன், அந்த முதலாளி வீட்டுப் பேரன்.