எழுத்தறிவுக்குப் பின் ஐயம்: கேரளத்தின் இணையவழிக் கல்வியும் வெறுப்புப் பரப்பலும் (2001–2025)

திருவனந்தபுரத்தின் தம்பானூர் ரயில் நிலையத்தில் மலையாளத்தோடு தமிழ், இந்தி, வங்காளம் மூன்றும் ஒரே நடைமேடையில் கேட்கும். பேசுவோர் கையில் கைபேசி உண்டு. மொழிக்கு மொழி வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. 2017 அக்டோபரில் இத்தகைய குழுக்கள் வழியே ஒரு பொய் பரவியது: கோழிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்களாம். அஞ்சிய தொழிலாளர்கள் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள். முதலமைச்சர் பினராயி விஜயனே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாநிலத்தில் இது நடந்தது. அதன் கல்வித் திட்டங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது: கருவி முதலில் வந்தது, கருவி கொண்டுவருவதைச் சந்தேகிக்கும் பயிற்சியோ சேதம் நேர்ந்த பிறகே வந்தது.

தொடக்கக் கால முயற்சிகள் யாவும் கருவியை எட்டச் செய்வதையே குறியாகக் கொண்டவை. 2001-இல் பள்ளிகளுக்கான 'ஐடி அட் ஸ்கூல்' வந்தது. வீட்டுக்கு ஒருவரையேனும் கணினி அறிந்தவராக்கும் 'அட்சயா' 2002 நவம்பரில் மலப்புறத்தில் தொடங்கியது. செயற்கைக்கோள் வழிப் பாடம் நடத்தும் 'விக்டர்ஸ்' 2005-இல் வந்தது. பின்னிரண்டையும் தொடங்கிவைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். திரையில் வருவது பொய்யாகவும் இருக்கலாம் என்ற கேள்வி அப்போது பாடத்திட்டத்துக்குள் வரவில்லை.

அந்தக் கேள்வியை வகுப்பறைக்குக் கொண்டுவந்த ஆண்டு 2018. ஜம்மு காஷ்மீரின் கதுவாவில் ஒரு சிறுமி வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை ஒட்டி, ஏப்ரல் 16 அன்று முழு அடைப்பு என்று எந்தக் கட்சியின் பெயருமில்லாத ஓர் அழைப்பு பரவியது. மக்கள் அதற்கு 'வாட்ஸ்அப் ஹர்த்தால்' என்றே பெயரிட்டார்கள். வட கேரளத்தில் கடைகள் தாக்கப்பட்டன. அழைப்பைக் கிளப்பியதாகப் பின்னர் கைதான ஐந்து இளைஞர்களோ தெற்கே, திருவனந்தபுரம், கொல்லம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நியாயமான துயரத்தை மதப் பகையாக மாற்ற ஓர் அநாமதேயச் செய்தி போதும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. இதை வெறும் காவல்துறை வழக்காகச் சுருக்குவது தவறு. முன்பின் தெரியாத ஓர் அழைப்புக்கு ஆயிரக்கணக்கானோர் ஏன் கட்டுப்பட்டார்கள் என்பது கல்வி பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அதே ஆண்டு கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி 150 அரசுப் பள்ளிகளில் 'சத்தியமேவ ஜயதே' வகுப்புகளைத் தொடங்கினார். முந்தைய ஆண்டு தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாமை வதந்திகள் தடுமாறச் செய்திருந்ததே இதற்குத் தூண்டுதல். தூண்டில் தலைப்பை இனங்காண்பது, ஏற்கெனவே நம்புவதையே மீண்டும் மீண்டும் காட்டும் செயலிகளின் இயக்கத்தைப் புரிந்துகொள்வது ஆகியவை அங்கே பாடமாயின. வெறுப்பு கூடாது என்ற அறிவுரையைவிட, அது எந்த வழியாக வருகிறது என்று காட்டியதே அவ்வகுப்புகளின் பலம்.

கோவிட் காரணமாகப் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூனில் விக்டர்ஸ் வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. முதல் நாட்களிலேயே, பாடம் நடத்திய ஆசிரியைகளைப் பற்றி ஆபாசப் பதிவுகள் பரவி வழக்குப் பதிவானது. இணையவழிக் கல்வியே வெறுப்பின் இலக்கானது. பதிவிட்டோராகக் கண்டறியப்பட்டவர்களில் பதின்வயதினரும் இருந்தது என்னை இன்றும் கலங்கச் செய்கிறது.

கண்ணூர் முயற்சியின் பெயரையே தாங்கி மாநிலம் தழுவிய திட்டம் பின்னர் வந்தது. மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம் 2022-இல் 5,920 பயிற்றுநர்களைக் கொண்டு 5 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான 19.72 லட்சம் மாணவர்களுக்கு இரண்டரை மணி நேரப் பயிற்சி அளித்தது. பரப்பு பெரிது, நேரமோ சிறிது. 2024-இல் 5, 7-ஆம் வகுப்புகளின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களில் போலிச் செய்தியைச் சரிபார்க்கும் பாடம் சேர்ந்தது அக்குறையை ஓரளவு தீர்க்கிறது.

ஆனால் வயது வந்தோர் நிலை வேறு. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில், கேரளம் முழு எண்ணிம எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 'டிஜி கேரளம்' திட்டம் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கைபேசியையும் காணொளி அழைப்பையும் அரசுச் சேவைகளையும் பயன்படுத்தக் கற்றுத்தந்தது. முதியவர்கள் அதில் ஏராளம். 2002-இன் அதே வரிசை இங்கும் திரும்புகிறது: குடும்பக் குழுவில் வரும் செய்தியைப் பேரப்பிள்ளை சரிபார்க்கக் கற்றிருக்கிறது, தாத்தா பகிர மட்டுமே கற்றிருக்கிறார். மாநில எழுத்தறிவு இயக்கம் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கும் 'சங்ஙாதி' திட்டம் 2017-இலேயே தொடங்கிவிட்டது. அதன் வகுப்புகளில் வங்காளத்திலும் இந்தியிலும் சரிபார்ப்புப் பாடத்தைச் சேர்ப்பதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. கைட்டிடம் பாடம் இருக்கிறது, எழுத்தறிவு இயக்கத்திடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.