மாட்டின் தோலைப் புண்ணாக்கும் வெயில்: உண்ணிச்செடி நஞ்சும் கல்லீரல் பாதிப்பும்

மேய்ச்சலுக்குச் சென்று வரும் மாட்டின் தோல் வெயிலில் வெந்ததுபோல் சிவந்து உரிந்தால், அதனை வெறும் தோல் நோயாகக் கருதிவிடக் கூடாது. தாவர நஞ்சினால் கல்லீரல் பழுதடைந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். கால்நடை மருத்துவத்தில் இது 'ஒளி உணர்திறன்' நோய் எனப்படுகிறது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள எருத்தேன்பதி மழை குறைந்த பகுதியாகும். இத்தகைய இடங்களில் கோடைக்காலத்தில் புல் காய்ந்துவிடும்போது, வேலிகளிலும் காட்டோரங்களிலும் பசுமையாக நிற்கும் உண்ணிச்செடியைக் கால்நடைகள் கடிக்க நேரிடுகிறது. மலையாளத்தில் கொங்கிணி, அரிப்பூ என்று அழைக்கப்படும் இச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாட்டின் புலிகள் வாழும் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது பரவியுள்ளதாக 2020இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

நோய் உண்டாவது எப்படி?

உண்ணிச்செடி இலையில் உள்ள 'லாண்டடீன்' என்னும் நச்சுப்பொருள் கல்லீரலைத் தாக்கிப் பித்தநீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. பசுந்தீவனத்தின் பச்சையம் மாட்டின் வயிற்றில் சிதைந்து 'பில்லோஎரித்ரின்' என்ற பொருளாக மாறும். வழக்கமாகப் பித்தநீருடன் வெளியேறும் இப்பொருள், ஓட்டம் தடைபட்டதும் இரத்தத்தில் கலந்து தோலை அடைகிறது. அங்கு வெயில் பட்டவுடன் திசுக்கள் சிதைகின்றன. கருநிறத் தோலுக்கு இயற்கையான பாதுகாப்பு உண்டு. எனவே, கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடுகளில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் புண்ணாகி, கறுப்புப் பகுதிகள் நலமாக இருப்பதைக் காணலாம்.

அறிகுறிகள்

தீவனம் எடுக்காமை, அசைபோடுதல் நின்றுபோதல், மலச்சிக்கல், கண்களிலும் ஈறுகளிலும் மஞ்சள் நிறம் ஆகியவை தொடக்க அறிகுறிகள். வெயிலைத் தவிர்த்து நிழல் தேடுதல், மூக்கு, காது, இமை, மடி ஆகியவற்றில் வீக்கமும் புண்ணும் தோன்றுதல் ஆகியவை பின்னர் காணப்படும்.

செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்ட மாட்டை உடனடியாக நிழலான தொழுவத்துக்கு மாற்றி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். பசுந்தீவனத்தைக் குறைத்து வைக்கோல் அளிக்கலாம். இரைப்பையின் இயக்கம் நின்றுவிடுவதால், உண்ட இலை உள்ளேயே தங்கி நஞ்சைத் தொடர்ந்து வெளியிடும். ஆகவே மேய்ச்சலை நிறுத்துவது மட்டும் போதாது. புண்ணுக்கு மருந்து தடவுவதாலும் மாடு பிழைக்காது. இந்நஞ்சுக்கெனத் தனி முறிமருந்து இல்லை. நஞ்சை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூளைக் கொடுத்தல், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுதல், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை மூலம் இரைப்பையைக் காலி செய்தல் ஆகியன மருத்துவர் மேற்கொள்ளும் வழிகள்.

பிற நாடுகளில்

நம் ஊர்களில் தரையோடு படரும் நெருஞ்சியும் தென்னாப்பிரிக்காவில் செம்மறியாடுகளுக்கு இதே நோயை ஏற்படுத்துகிறது. நியூசிலாந்தில் புல்லில் வளரும் ஒருவகைப் பூஞ்சை இதற்குக் காரணமாகிறது.

தடுப்பு முறை

உண்ணிச்செடியைக் கால்நடைகள் விரும்பி உண்பதில்லை. பசியும், செடியை அறியாத புது இடமுமே அவற்றை அதன்பால் தள்ளுகின்றன. எனவே கோடைக்கு முன்பே வைக்கோலைச் சேமித்து வைப்பதும், வெளியூரிலிருந்து வாங்கிய மாட்டைப் பசியுடன் புதர்ப் பகுதிக்கு ஓட்டாதிருப்பதும், மேய்ச்சல் நிலத்தில் உள்ள செடிகளை வேரோடு அகற்றுவதும் சிறந்த தடுப்பு முறைகளாகும்.