கடல் மீனுக்கும் வேண்டும் நற்சான்றிதழ்

ஹலால் சின்னத்தின் பெறுமதியை எமது பிரதேச வர்த்தகர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அறுத்தவரையோ அறுக்கப்பட்ட இடத்தையோ காணாத நுகர்வோர், நடுநிலையான ஒரு தரப்பின் சாட்சியத்தை நம்பியே பொருளை வாங்குகின்றனர். சுற்றாடல் நற்சான்றிதழும் இத்தகையதொரு சாட்சியமேயாகும். மீன் எங்கே, எந்த முறையில் பிடிக்கப்பட்டது, அதனால் கடல்வளத்துக்கு ஊறு நேர்ந்ததா என்பதனைத் தொலைவிலுள்ள கொள்வனவாளருக்கு அது எடுத்துரைக்கின்றது. மருதமுனை முதல் பொத்துவில் வரையிலான கரையோரத்தில் கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் சுற்றாடல் விவகாரம் அன்று. வருமானத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

சான்று இன்மையின் விலை

2010 ஜனவரி முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பப்படும் கடல் மீனுக்கு, அது சட்டபூர்வமாகப் பிடிக்கப்பட்டது என்பதற்கான அரசாங்கச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. 2012 நவம்பரில் இலங்கை எச்சரிக்கப்பட்டது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் பொறிமுறை போதாமை, விதி மீறுவோருக்கான தண்டனை போதாமை, இந்து சமுத்திர சூரைமீன் ஆணைக்குழுவின் விதிகளைப் பின்பற்றாமை என்பனவே முன்வைக்கப்பட்ட குறைபாடுகளாகும். அவை உரிய காலத்தில் நிவர்த்தி செய்யப்படாமையால் 2015 ஜனவரியில் இறக்குமதித் தடை நடைமுறைக்கு வந்தது. 2013இல் மட்டும் இலங்கையிலிருந்து சுமார் 7 கோடியே 40 இலட்சம் யூரோ பெறுமதியான மீன் அச்சந்தைக்குச் சென்றிருந்தது.

எமது மீனின் தரத்தில் எவரும் குறை காணவில்லை என்பது கவனத்திற்குரியது. குறை இருந்தது பதிவேட்டிலேயே. சட்டம் திருத்தப்பட்டு, தண்டப்பணம் உயர்த்தப்பட்டு, ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்ட பின்னர், 2016 ஜூனில் தடை நீக்கப்பட்டது.

மாலைதீவு காட்டிய வழி

அரசாங்கச் சான்றிதழ் சந்தையின் வாயிலைத் திறக்கின்றது. சுயவிருப்பின் பேரில் பெறப்படும் சுற்றாடல் நற்சான்றிதழோ, பெரும் விற்பனை நிலையங்களின் தட்டுகளில் இடம்பிடித்துத் தருகின்றது. 1997இல் ஆரம்பிக்கப்பட்ட மரைன் ஸ்டுவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் அமைப்பின் சின்னம் இவற்றுள் பிரசித்தமானது. மீன்வளத்தின் இருப்பு, கடற்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பு, தொழில் முகாமைத்துவம் ஆகிய மூன்றையும் சுயாதீனக் கணிப்பாளர்கள் பரிசீலித்து, ஐந்தாண்டுகளுக்குச் சான்று வழங்குவர். ஆண்டுதோறும் மீள்பரிசோதனையும் நடைபெறும்.

எமது அயல்நாடான மாலைதீவின் தூண்டில் முறைச் சூரைமீன் தொழில் 2012இல் இந்நற்சான்றிதழைப் பெற்றது. பரம்பரையாக ஒவ்வொரு மீனாகத் தூண்டிலிற் பிடித்து வந்த முறையே அவர்களின் விற்பனைப் பலமாயிற்று. விண்ணப்பித்தது தனியொரு படகு உரிமையாளர் அன்று. கடலுணவு பதனிடுவோரும் ஏற்றுமதியாளரும் இணைந்த சங்கமாகும். பல்லாயிரம் டொலர் செலவாகும் கணிப்பீட்டினைத் தனிநபர் சுமக்க இயலாது என்பதே இதிலுள்ள பாடம்.

இலங்கையிலும் முன்னுதாரணம் உண்டு. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் நண்டுத் தொழிலைச் சீர்செய்யும் திட்டமொன்று கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் 2013இல் ஆரம்பிக்கப்பட்டது. சான்றிதழுக்கு முன்னரே சீர்திருத்தத்தைத் தொடங்கலாம் என்பதற்கு இது சாட்சி.

எமது கரையில் செய்யவேண்டியவை

நற்சான்றிதழ் கிடைத்தவுடன் விலை உயர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. நிச்சயமான இலாபம், சந்தையை இழக்காதிருப்பதேயாகும். கூடுதல் விலை கிடைக்குமாயினும் அது ஏற்றுமதியாளரிடமே தங்கிவிட்டால், பதிவேடு எழுதும் சிரமத்தை மீனவர் ஏன் ஏற்க வேண்டும்? எனவே, செலவையும் இலாபத்தையும் பங்கிடும் உடன்படிக்கை முதலில் எழுத்தில் அமைதல் வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களே இதனைப் பேசுவதற்குத் தகுந்த மேடையாகும்.

அடுத்தது பதிவேடு. பிடித்த இடம், வலை அல்லது தூண்டில், மீனினம், நிறை ஆகியவற்றை ஒவ்வொரு பயணத்திலும் குறித்துவைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட மிதவலைகள் இந்து சமுத்திரத்தில் 2022 ஜனவரி முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளதையும் படகு உரிமையாளர்கள் மனங்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அரசாங்கத்தின் கடமையாகும். 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியதும், அயற்கரை கடலரிப்புக்கு இலக்கானதும் இப்பிரதேசத்தவர் அறிந்ததே. படகு வேறு துறையை நாடுமாயின் மீனின் பதிவும் வேறிடத்துக்கே செல்லும். பாதுகாப்பான இறங்குதுறையும் குளிரூட்டல் வசதியும் இன்றிப் பதிவேட்டை மட்டும் மீனவரிடம் கோருவது நியாயமாகாது.

கடல், வருங்காலச் சந்ததிக்காக எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை நாம் பேணுகின்றோம் என்பதை உலகுக்கு நிரூபிக்கும் நாளில், கல்முனைக் கரையின் மீன் தன் பெயராலேயே விலைபோகும்.