ஒரு பிரதி போதும்: நேரலை ரிலேயின் கதை

நேரலைப் படம் அனுப்புவதில் கேமரா பெரிய விஷயமே இல்லை. தொல்லையெல்லாம் அனுப்புகிற லைனில்தான். நொடிக்கு 2 மெகாபிட் வேண்டிய படத்தை 100 பேருக்குத் தனித்தனியாக அனுப்ப 200 மெகாபிட் வேண்டும். நம் கலையரங்கத்து லைன் தாங்குமா?

இது பழைய கணக்கு. 1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோவில் இணையப் பொறியாளர்கள் கூடியபோது, அங்கே பேசியதை மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு இணையம் வழியாகவே ஒலிபரப்பினார்கள். ஸ்டீவ் டீரிங் வகுத்த மல்ட்டிகாஸ்ட் முறை அது. அனுப்புவது ஒரே பிரதி. வழி பிரிகிற இடத்தில் ரௌட்டரே நகல் எடுத்துக்கொள்ளும். அழகான யோசனைதான், ஆனால் அன்றைய ரௌட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. எனவே நடுநடுவே யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களை வைத்து, பாக்கெட்டுக்குள் பாக்கெட்டாகச் சுற்றித் தள்ளினார்கள். இதற்கு எம்போன் என்று பெயர். 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டல்லாஸ் கச்சேரியில் ஒரு பகுதி இதில்தான் போனது. (அதற்குச் சற்று முன் பொறியாளர்களின் பாட்டுக் குழு ஒன்று, அழைக்காமலே அதே வலையில் புகுந்து வாசித்துவிட்டது. நம்ம ஹாஸ்டல் பசங்க தோற்றார்கள்!)

அதே 1992-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டார்சி மெக்கின்டாஷுக்காக எழுதிய சியூ-சீமீ இன்னும் எளிமை. கறுப்பு வெள்ளைப் படம், முதலில் ஒலிகூடக் கிடையாது. பலர் சேர்ந்து பார்க்க, யூனிக்ஸ் மெஷினில் 'ரிஃப்ளெக்டர்' என்ற புரோகிராம் ஓடியது. வருகிற படத்தை வாங்கி, கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நகல் கொடுக்கும், அவ்வளவுதான். எந்த ரௌட்டரையும் மாற்ற வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், கடைசியில் ஜெயித்தது இந்த ஒப்பேற்றும் வேலைதான். மல்ட்டிகாஸ்ட் தனி வலைகளுக்குள் நிலைத்தது; பொது இணையத்தில் பரவவில்லை. இன்று பெரிய தளங்கள் ஊர் ஊராக வைத்திருக்கும் சர்வர்கள் ரிஃப்ளெக்டரின் பேரப்பிள்ளைகளே.

நம் சங்கத்துக்கு ஏன் தனி ரிலே? சென்ற சந்திப்பில், மறைந்த பேராசிரியருக்கு அஞ்சலி நடக்கும்போது பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஒலித்தது. அதற்காக ஒரு பெரிய தளம் நேரலையையே நிறுத்திவிட்டது. வெளிநாட்டில் இருந்த அவருடைய மாணவர்கள் மீதியைப் பார்க்கவே முடியவில்லை. அதன் பிறகுதான் வாடகை சர்வர் ஒன்றில் என்ஜின்எக்ஸையும் ஆர்டிஎம்பி மாட்யூலையும் ஏற்றினேன். ஆர்டிஎம்பி, ஃப்ளாஷுக்காகப் பிறந்த முறை. ஃப்ளாஷ் 2020 இறுதியில் போய்ச் சேர்ந்துவிட்டது. இது இன்னும் உழைக்கிறது! அரங்கிலிருந்து ஒரே பிரதி மேலே போகும். அங்கே சில நொடித் துண்டுகளாக வெட்டி எல்லோருக்கும் அனுப்புகிறோம். அதனால் துபாயில் இருக்கும் நண்பர்களுக்குக் கைதட்டல் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி, தங்கைகளே, இதன் கான்ஃபிக் ஃபைல் மொத்தமே ஒரு பக்கம்தான். கம்ப்யூட்டர் லேபில் ஒரு நகல் வைத்திருக்கிறேன்.